ஜீனோவிலிருந்து தொடங்குங்கள்

கிருஷ்ணன்கோவில் டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் இடம் கிடைக்காது. பல்கலைக்கழகம் விட்ட பிள்ளைகள், மதுரை பஸ்ஸுக்கு நிற்பவர்கள், வத்திராயிருப்பு பக்கம் திரும்ப வேண்டியவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிடும். அங்கே இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தம்பி கேட்டார்: "சார், சயின்ஸ் ஃபிக்‌ஷன் படிக்கணும்னு ஆசை. படமெல்லாம் பாத்திருக்கேன், புக்கு ஒண்ணுகூடப் படிச்சதில்ல. தமிழ்ல எதுல ஆரம்பிக்கலாம்?"

"ஜீனோ" என்றேன். "அது யாரு சார்?" என்றார். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியாக வந்த 'மீண்டும் ஜீனோ'. இந்த இரண்டும்தான் நான் சொல்லும் தொடர். 1980களில் ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தவை. முதல் கதை தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. அந்தக் காலத்தில் விகடன் வாங்கிய வீடுகளில் இன்றைக்கும் ஜீனோ என்றால் பெரியவர்கள் முகம் மலரும். உங்கள் வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு பயத்தைப் போக்க வேண்டியிருக்கிறது. "எனக்கு சயின்ஸ் வராது, இதெல்லாம் புரியுமா?" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பிளஸ் டூவில் வரலாறு எடுத்துப் படித்தவர்கள் மட்டுமல்ல, இன்ஜினியரிங் படிக்கிறவர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். விஞ்ஞானக் கதை படிக்க விஞ்ஞானம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதுகிறவர் நம் உலகத்தில் ஏதோ ஒன்றை மாற்றிவிடுகிறார். ஒரு புதுக் கருவி, ஒரு புதுச் சட்டம், ஒரு புது உயிர், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த உலகத்தில் வாழ்கிற ஒரு பெண், ஒரு குழந்தை, ஒரு குமாஸ்தா என்ன பாடுபடுகிறார்கள் என்று பார்க்கிறார். மாற்றிய பொருளையே சுற்றிச் சுற்றி எழுதினால் அது கருவி விளக்கக் கையேடு மாதிரி ஆகிவிடும், அடுத்த தலைமுறைக்கு ஓடாது. ஆட்களைப் பற்றி எழுதினால் கருவி பழசானாலும் கதை நிற்கும். புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு இந்த இரண்டாவது வகையைத்தான் தர வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் ஒரே ஆட்களோடு இரண்டு புத்தகம் பழகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

என் இனிய இயந்திராவில் சுஜாதா எதை மாற்றினார்? கதை 2020களில் நடக்கிறது. அவர் எழுதும்போது அது முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்பால் இருந்த காலம். இப்போது நாம் அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு படிக்கிறோம். இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். வீட்டுக்கு வீடு 'விவி' என்ற திரை இருக்கிறது. மனிதர்களுக்கு எண்கள் இருக்கின்றன. பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

இந்தப் பெயர் விஷயத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கதையில் வருகிறவர்களைப் பாருங்கள்: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா. நாய்க்குக்கூட ஜீனோ. முதல் தடவை படிக்கும்போது சுருக்கமாக, அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றும். போகப் போகத்தான் உறைக்கும். எல்லாருக்கும் ஒரே அளவில் பெயரை வெட்டிக் கொடுத்திருக்கிறது அந்த அரசாங்கம். நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பிறந்தால் ஆண்டாள் ஞாபகமாகக் கோதை என்று வைப்பார்கள், அது தப்பித்துவிடும். கோதைநாச்சியார் என்று வைக்க முடியாது. ஆண்டாள் என்ற பெயருக்கே அனுமதி கிடையாது. ரங்கமன்னாருக்கு வழியே இல்லை. தாத்தா பெயர், குலசாமி பெயர், ஊர்ப் பெயர் எதுவுமே ஒட்டாமல் போய்விடும். ஒரு மனிதன் எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்று பெயர் சொல்லும். அந்தச் சொல்லை அறுத்தால் ஆள் தனியாக நிற்பான். தனியாக நிற்பவனை ஆள்வது சுலபம். சுஜாதா இதையெல்லாம் உட்கார்ந்து விளக்கவில்லை. பெயர்களை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். நல்ல விஞ்ஞானக் கதை தன் விதியை இப்படித்தான் காட்டும்.

இனி நிலா. கதை அவளிடம்தான் தொடங்குகிறது. குழந்தை பெற்றுக்கொள்ள அவளுக்கு அனுமதி கிடைக்கிறது. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே கணவன் சிபி காணாமல் போகிறான். வீட்டில் தங்க ரவி என்பவன் வருகிறான், கூடவே அவனுடைய நாய், ஜீனோ. ஒரு சாதாரணக் குடும்பப் பெண், அரசாங்கத்தை நம்பியே வளர்ந்தவள், ஜீவாவின் படத்தை மரியாதையாகப் பார்க்கிறவள், புருஷனைத் தேடிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள். ஆரம்பத்தில் நிலா உங்களுக்கு எரிச்சல் தரலாம். அழுகிறாள், எல்லாரையும் நம்புகிறாள், சொன்னதைச் செய்கிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் புத்தகம் முடியும்போது அவள் வந்து நிற்கிற இடத்தை முதல் அத்தியாயத்தில் யாராலும் ஊகிக்க முடியாது. இரண்டாவது புத்தகத்தில் அவள் கேட்கிற கேள்விகளை, முதல் புத்தகத்து நிலா கேட்டிருக்கவே மாட்டாள். அந்த மாற்றத்தை ஒரேயடியாகச் செய்யாமல் ஒவ்வொரு ஏமாற்றமாக நகர்த்திக் கொண்டுபோகிறார். தமிழ் வாரத் தொடர்களில் கதாநாயகி காதலிக்கவும் காப்பாற்றப்படவுமே வந்துகொண்டிருந்த காலம் அது.

ஜீனோ ஒரு இயந்திர நாய். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாயைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நாயின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால், ஒட்டிய வயிறு என்று ராஜபாளையம் நாயைத் தூரத்திலேயே அடையாளம் சொல்லிவிடுவோம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் நம் நாயும் இருந்தது. அதை வளர்த்தவர்களைக் கேளுங்கள். அழகைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுவார்கள். எஜமானைத் தவிர யாரையும் அண்ட விடாது, புது ஆளைக் கண்டால் முதலில் நின்று கவனிக்கும், அப்புறம்தான் முடிவெடுக்கும் என்று குணத்தைத்தான் நெடுநேரம் சொல்வார்கள்.

ஜீனோவையும் குணத்துக்காகத்தான் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது பேசும். நிறையப் படிக்கும். படித்ததை எடுத்துப் பொருத்தமான இடத்தில் சொல்லும். ஆபத்தான நேரத்தில் பதறாது. நிலா அழும்போது அவளைத் தேற்றத் தெரியாமல் தகவல் சொல்லும். கொஞ்ச நாள் போன பிறகு தேற்றவே கற்றுக்கொள்ளும். அது இயந்திரம்தான் என்று அதற்குத் தெரியும். தன்னைப் பற்றி அது மிகைப்படுத்திச் சொல்வதில்லை. இருந்தும் எங்கேயோ ஒரு இடத்தில், இதற்கு உயிர் இல்லை என்று நாம் நினைப்பதை நிறுத்திவிடுகிறோம். அது எந்தப் பக்கத்தில் நடந்தது என்று இரண்டாம் முறை தேடிப் படித்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மனித உருவ ரோபோவை வைத்து எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். மனிதன் மாதிரி இருக்கிற இயந்திரத்தைப் பார்த்தால், இது என்னை ஏமாற்றுகிறதோ என்ற சந்தேகம் முதலிலேயே வந்துவிடும். நாயிடம் அந்தச் சந்தேகம் நமக்கு வராது. காலகாலமாக நாய்க்கு நாம் கொடுத்து வைத்திருக்கிற நம்பிக்கையை சுஜாதா அப்படியே எடுத்து ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். நம்பியபிறகு அது பேசத் தொடங்குகிறது.

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு ஜப்பானில் ஒரு சாட்சி உண்டு. 1999இல் சோனி நிறுவனம் 'ஐபோ' என்ற ரோபோ நாயை விற்பனைக்கு விட்டது. ஜப்பானில் முதல் 3000 நாய்கள் 20 நிமிடத்தில் விற்றுப்போயின. 2006இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2014இல் பழுதுபார்ப்பதையும் நிறுத்தினார்கள். உதிரி பாகத்துக்கு வழி இல்லாமல் ஐபோக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது, அவற்றின் சொந்தக்காரர்கள் குப்பையில் போடவில்லை. சிபா மாநிலத்து இசுமி என்ற ஊரில் உள்ள பௌத்தக் கோயிலில் பிக்குகள் மந்திரம் ஓத, ரோபோ நாய்களை வரிசையாக வைத்து அவற்றுக்கு ஈமச்சடங்கு செய்தார்கள். ஒவ்வொரு நாயின் கழுத்திலும் அது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சீட்டு. ஜீனோவைப் படித்தவர்களுக்கு அந்தப் புகைப்படம் விசித்திரமாகத் தெரியாது.

எழுதியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுஜாதா, அதாவது எஸ். ரங்கராஜன், 1935இல் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர். நாம் இன்றைக்கு ஓட்டுப் போடுகிற மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. பகலில் ஓட்டுப் பெட்டிக்கான மின்சுற்றைப் பற்றி யோசித்தவர், இரவில் ஒரே ஆள் ஆள்கிற தேசத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே கவலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இயந்திரம் யார் கையில் இருக்கிறது, அதை யார் சரிபார்ப்பார்கள். அதோடு, ஆட்களை வைத்துத் தொடர் எழுதுகிற வித்தையும் அவருக்குக் கைவந்திருந்தது. கணேஷ்–வசந்த் என்ற இரண்டு வக்கீல்களை வைத்துக்கொண்டு எத்தனையோ துப்பறியும் கதைகளை அவர் நடத்தினார். அந்தக் கதைகளில் கொலை செய்தது யார் என்பது மறந்துபோனவர்களுக்கும் வசந்தின் வாய்த்துடுக்கு மறக்கவில்லை. அந்த அனுபவம்தான் ஜீனோவின் ஒவ்வொரு வாக்கியத்திலும் வேலை செய்கிறது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. வாரத் தொடராக எழுதப்பட்டதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடியும். வாரம் ஒன்று படித்தவர்களுக்கு அது சுகம். புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும்போது, நாலைந்து அத்தியாயத்துக்கு ஒரு தடவை மூச்சுத் திணறும். சில இடங்களில் எல்லாரும் மாட்டிக்கொண்ட பிறகு ஜீனோ வந்து எளிதாக விடுவித்துவிடும். ரவியும் அவன் கூட்டாளி மனோவும் மாறுகிற வேகம் எனக்கு இன்னும் திருப்தி தரவில்லை. அவர்களுக்கு இன்னும் இருபது பக்கம் கொடுத்திருக்கலாம். கருவிகளில் சில நிஜத்தில் வந்துவிட்டன, சில வேறு உருவத்தில் வந்தன. எல்லார் பாக்கெட்டிலும் திரை இருக்கும் இந்த நாளில் சுவரில் மாட்டிய விவி பழசாகத் தெரியலாம். இதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொண்டுதான் சிபாரிசு செய்கிறேன். ஒரு நாளைக்கு நாலு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு படித்தால் தொடரின் இயல்பான ஓட்டம் கிடைக்கும்.

எதை முதலில் படிப்பது? வரிசை மாற்றவே கூடாது. "இரண்டாவதில்தான் ஜீனோ நிறைய வருமாமே, நேரே அதற்குப் போகலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டாவது புத்தகத்தில் ஜீனோ முழுசாக மலர்கிறது என்பது உண்மை. எனக்கும் அதுதான் பிடித்த புத்தகம். ஆனால் தலைப்பிலேயே 'மீண்டும்' என்று இருக்கிறது. அது எங்கே போனது, ஏன் திரும்பி வர வேண்டியிருந்தது என்பது தெரியாமல் படித்தால் அந்தத் திரும்புதலில் கிடைக்கிற சந்தோஷம் பாதிதான் கிடைக்கும். ஜீவாவைப் பற்றிய பெரிய ரகசியம் ஒன்றும் முதல் புத்தகத்தில் அவிழ்கிறது. அதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். தேடுபொறியில் போட்டாலும் முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்கள். புத்தகத்தை முடிக்கும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விஞ்ஞானக் கதை நம் மண்ணுக்கு ஒட்டாது என்று யாராவது சொன்னால் அவர்களை சிவகாசிக்குக் கூட்டிப்போங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் அங்கிருந்துதான் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 1962இல் ஒரு வார இதழில் தொடங்கிய சித்திரக் கதை அது. ஆய்வுக்கூடத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்து அந்தக் கை மட்டும் தெரிகிறவனாகிறான். முதலில் சக்தியைத் தப்பு வழியில் செலவிட்டவன், பிறகு நிழற்படை என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து நல்ல பக்கம் வருகிறான். பட்டாசும் காலண்டரும் அச்சகமுமாக இருந்த ஊரிலிருந்து இந்த விஞ்ஞானக் கதைத் தொடர் தமிழ்நாடு முழுக்கப் போனது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு மாயாவிதான் முதல் விஞ்ஞானக் கதை நாயகன். அவர்களுக்கு 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற பெயர் தெரிந்திருக்கவில்லை, ஆளைத் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

ஜீனோவை முடித்தபிறகு எங்கே போவது? தமிழிலேயே தொடர விரும்பினால் சுஜாதாவின் விஞ்ஞானச் சிறுகதைகள் இருக்கின்றன. அவற்றில் 'ஜில்லு' என்ற கதையைத் தேடிப் படியுங்கள். அதிலும் ஒரு நாய், ஆனால் நிஜ நாய். ஜீனோவோடு சிரித்தவர்களை அது வேறு மாதிரி உலுக்கும். அடுத்து ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு. சுஜாதாவின் வேகம் அதில் இருக்காது. நம் மரபின் கேள்விகளை விஞ்ஞானத்தோடு மோதவிடுகிற நிதானமான கதைகள் அவை. இரண்டு டீ குடித்து முடிக்கிற அவசரத்தில் படிக்காதீர்கள்.

ஆங்கிலம் பழக்கமிருந்தால் ஐசக் அசிமோவிடம் போகலாம். ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது, சொன்னதைக் கேட்க வேண்டும், இவ்விரண்டுக்கும் முரணாகாமல் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று மூன்று விதிகளை 1942இல் ஒரு கதையில் எழுதி வைத்தவர் அவர். 1954இல் வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நாவலில் ரோபோக்களைப் பிடிக்காத ஒரு போலீஸ்காரருக்குக் கூட்டாளியாக ஒரு ரோபோவே வந்து சேர்கிறது. அந்த இருவரின் உறவு அடுத்தடுத்த நாவல்களில் வளர்கிறது. ஆட்களுக்காகவே படிக்க வேண்டிய தொடர். விகடனில் ஜீனோ ஓடிய அதே காலகட்டத்தில், 1986இல், அமெரிக்காவில் லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் தன் வோர்கோசிகன் தொடரைத் தொடங்கினார். பிறக்கும் முன்பே விஷத்தால் எலும்பு பலவீனப்பட்ட ஒருவன், உடல் பலத்தையே கொண்டாடுகிற சமூகத்தில் மூளையை நம்பி எழுகிறான். அது நீண்ட தொடர், வருஷக்கணக்கில் கூட வரும். சின்னதாக வேண்டும் என்றால் மார்த்தா வெல்ஸ் 2017இல் தொடங்கிய 'மர்டர்பாட் டைரீஸ்'. முதல் புத்தகம் ஒரு பயணத்தில் முடிந்துவிடும். தன்னைக் கட்டுப்படுத்தும் பூட்டை ரகசியமாக உடைத்துவிட்ட ஒரு காவல் இயந்திரம், மனிதர்களைக் கொல்லலாம் என்ற சுதந்திரம் கிடைத்தபிறகும் கொல்லாமல் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருக்க விரும்புகிறது. அதைப் படிக்கும்போது, புத்தகம் படித்துக்கொண்டே காவல் காத்த நம் ஜீனோவைத் தமிழ் வாசகர்கள் நினைக்காமல் இருக்க முடியாது.

இந்த வருஷம் நீங்கள் போனில் ஏதோ ஒரு இயந்திரத்திடம் பேசியிருப்பீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கும், சில நேரம் ஆறுதலும் சொல்லியிருக்கும். அதை எவ்வளவு நம்புவது, அது யாருக்காக வேலை செய்கிறது, அதோடு பழகுவதால் நமக்கு என்ன ஆகிறது என்ற கேள்விகளை நிலாவும் ஜீனோவும் நமக்கு முன்பே கேட்டுவிட்டார்கள், அதுவும் தமிழில். அதனால்தான் இன்றைக்கு இந்தத் தொடரை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ நூலகத்தில் சுஜாதா அலமாரியைக் கேளுங்கள். இல்லையென்றால் வாங்குங்கள், விலை அதிகமில்லை. வாங்கும்போது 'என் இனிய இயந்திரா'வை மட்டும் வாங்காதீர்கள், இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். முதல் புத்தகம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடியும், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது.